பட்டை ஏற்றிய வண்டி
சாலையோரப் பட்டறைகள் – 11

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே பிக்கப் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் ஏறும். பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகப் பின்சக்கரத்தின் மேல் சொட்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் ஏறிச் சிதம்பரம் போய்ச் சேரும் வரை சொட்டிக்கொண்டே வரும்.

அப்படி ஒரு வண்டியை ஓட்டும் தம்பி கேட்ட கேள்விதான் இந்த வாரம். "அண்ணே, லோடு ஏத்தினா வண்டி நிக்க மாட்டேங்குது. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம்மு. பின்னாடியும் டிஸ்க்கே போட்டுட்டா என்ன? பழைய கார் சாமான் கிடைக்குது, பிராக்கெட்ட லேத்துல செஞ்சிக்கலாம், செலவு கம்மிதான்னு சொல்றாங்க."

நியாயமான ஆசை. வண்டியும் லோடும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்த வண்டியை ஒருமுறை நிறுத்த, ஏறத்தாழ 7.4 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. டிரம் மூடிய பாத்திரம். சூடு உள்ளேயே தங்கும். டிஸ்க் காற்றில் திறந்து சுழல்வது. சீக்கிரம் ஆறும், தண்ணீரையும் உதறிவிடும். 2015 வெள்ளத்தின்போது கடலூர்ச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு, தண்ணீர் புகுந்த டிரம் எப்படிக் கைவிடும் என்று சொல்லித் தரத் தேவையில்லை.

இவற்றில் ஒன்று பழசு, மற்றது புதுசு என்று நினைக்க வேண்டாம். லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கியது 1902இல். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1953 லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் டிஸ்க்கின் பக்கம் திரும்பியது. இன்றைக்கு ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.4 மின்காரில் பின்சக்கரத்துக்கு டிரம்மே வைத்திருக்கிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும் வண்டியில் பின்பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும். உப்புக் காற்றில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். டிஸ்க்கும் துருப்பிடிக்கும், காலிப்பர் நகர வேண்டிய பின்னும் இறுகிப்போகும்.

டிரம்முக்குள் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கதவுக்கடியில் ஆப்பு வைத்துக் கதவைத் தள்ளிப் பாருங்கள். தள்ளத் தள்ள ஆப்பு இறுகும். முன்னோக்கி நிற்கும் பிரேக் ஷூவையும் சுழலும் டிரம் அப்படித்தான் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்கிறது. கால் கொடுக்கும் அழுத்தத்தை டிரம்மே பெருக்கித் தரும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பேடைப் பிடித்து நசுக்கும் வலு முழுவதும் பிரேக் ஆயில் வழியாகவே வந்தாக வேண்டும். அதனால் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதை நகர்த்த ஆயிலும் அதிகம் வேண்டும். டிரம்முக்கென்று அளவெடுத்த மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு பின்னால் காலிப்பரை மட்டும் பூட்டினால் பெடல் ஆழமாக இறங்கும். சில வண்டிகளில் டிரம் லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும்; அதை எடுக்காமல் விட்டால் பேட் எந்நேரமும் உரசிச் சூடேறும். ஹேண்ட் பிரேக்கும் டிரம்மோடு போய்விடும். அதற்கும் வேறு வழி தேட வேண்டும்.

அமெரிக்காவில் இந்த மாற்றத்தைச் செய்கிற பலர் தனித்தனிச் சாமானாகச் சேர்ப்பதில்லை. 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரரின் பின் அச்சை டிஸ்க், காலிப்பர், உள்ளே சிறு டிரம்மாக இருக்கும் ஹேண்ட் பிரேக் எல்லாவற்றோடும் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி, ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பிலும் ஜீப்பிலும் பொருத்துகிறார்கள். மலிவில் முடிவது அதனால்தான். காரின் காலிப்பரை லேத்தில் செய்த பிராக்கெட்டில் தொங்கவிடுவதும் இதுவும் ஒன்றல்ல. அந்த பிராக்கெட் முறிந்தால் பின்னால் பிரேக்கே இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும். மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் அழைக்கிறோம். அவர் பார்ப்பது எத்தனையோ இருக்க, சனங்கள் பிரேக்கை வைத்துப் பெயரிட்டதை நான் எப்போதும் மதிப்போடு நினைத்துக்கொள்வேன்.

தம்பியின் வண்டியைச் சிதம்பரத்தில் ஒரு பட்டறையில் ஏற்றினோம். இடது டிரம்மைக் கழற்றியபோது உள்ளே துருவும் சேறும் களியாக இருந்தது. வீல் சிலிண்டரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் அசையவில்லை. வலது பக்கம் ஆக்ஸில் சீல் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. பட்டறைப் பையன் காற்றடித்துத் தூசியைக் கிளப்பப் போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரை போகும். தண்ணீர் விட்டு நனைத்துத்தான் கழுவ வேண்டும்.

இவ்வளவு போதும், காரணம் கிடைத்துவிட்டது என்று எழுந்திருப்பேன். மேஸ்திரி வண்டிக்கடியில் விளக்கைப் பிடித்து, "இத பாருங்க" என்றார்.

இந்த வகை பிக்கப் பலவற்றில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே கம்பியோடு ஒரு சின்ன வால்வு இருக்கும். வண்டி காலியாக இருக்கையில் பின்பக்கம் லேசு. பிரேக் பலமாகப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், மழையில் வண்டியே திரும்பிவிடும். அதனால் வால்வு பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும். லோடு ஏறினால் ஸ்பிரிங் தாழும், சேசிஸ் அச்சை நெருங்கும், கம்பி நகரும், வால்வு அழுத்தத்தைக் கூட்டிவிடும். எடையைத் தராசில்லாமல் அறிகிற ஏற்பாடு.

தம்பியின் வண்டியில் கூடுதல் லோடு தாங்கட்டும் என்று பின் ஸ்பிரிங்கில் இருபக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்திருந்தார்கள். பெட்டி பெட்டியாக மீன் ஏற்றினாலும் பின்பக்கம் தாழ்வது கொஞ்சம்தான். வால்வைப் பொறுத்தவரை வண்டி பாதி காலி. லோடு ஏறும்போதுதான் நிற்கவில்லை என்று தம்பி சொன்னதற்குப் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முன் டிஸ்க் மட்டும் முக்கால்வாசிச் சுமையைச் சுமந்து தேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் டிஸ்க் போட்டிருந்தால் அதே வால்வு அதே குறைந்த அழுத்தத்தை அதற்கும் அனுப்பியிருக்கும். ஆப்புபோல் இறுக்கிக்கொள்ளும் டிரம்மும் இல்லாமல், வண்டி இன்னும் மோசமாகத்தான் நின்றிருக்கும்.

இரண்டு பக்கமும் ஷூ, வீல் சிலிண்டர், சீல் புதிதாகப் போட்டோம். டிரம்மை லேத்தில் லேசாகப் பிடித்தார்கள். எந்த அளவு வரை கடையலாம் என்பது டிரம்மிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பிரேக் ஆயிலை முழுக்க வடித்து மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் குடித்ததற்கு அந்த எல்லை 140தான். ஆயில் கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்வேன். வால்வின் கம்பியையும் துரு நீக்கி அசையவிட்டார் மேஸ்திரி.

மிச்சம் அந்தப் பட்டை. கழற்றினால் வால்வு சரியாக வேலை செய்யும், ஆனால் ஆர்.சி.யில் இருக்கிற எடைக்கு மேல் ஏற்ற முடியாது. மேஸ்திரி ஸ்பேனரோடு நின்றார். தம்பி ஸ்பிரிங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான்.

"ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேண்ணே."

(தொடரும்)