திரவத்தின் உள்ளே: ராமன் கண்டதும் ரஹ்மான் கணக்கிட்டதும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. அந்த ஆற்றிலிருந்து 18 மில்லி நீரை முகந்தால், அதில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ, ஆறு என்ற எண்ணை அடுத்து 23 பூஜ்யங்கள் இட்டால் வருவதாகும். இத்தனை மூலக்கூறுகளையும் தனித்தனியே பின்தொடர எவராலும் இயலாது. ஆனால் அவற்றின் சராசரி நடத்தையையும், அந்தச் சராசரியிலிருந்து அவை விலகும் அளவையும் கணக்கிட்டால் வெப்பநிலை, அழுத்தம், பாகுத்தன்மை ஆகிய கண்கூடான பண்புகளை விளக்கிவிடலாம் என்று மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன், கிப்ஸ் ஆகியோர் காட்டிய வழியே புள்ளியியல் விசையியல் எனப்படுகிறது.

இத்துறைக்கு இந்தியா அளித்த பெரும் கொடைகளில் ஒன்று, இதே தீவிலுள்ள திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. ராமனுடையது. நோபல் பரிசை மட்டுமே நினைவில் வைத்திருப்போர் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அசைவற்றுத் தோன்றும் நீரிலும் மூலக்கூறுகள் ஓயாது அலைவதால், மிக நுண்ணிய இடங்களில் அடர்த்தி கணந்தோறும் சற்றே கூடியும் குறைந்தும் வருகிறது என்றும், அந்த ஏற்றத்தாழ்வுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றும் ஸ்மோலுகோவ்ஸ்கி 1908-லும் ஐன்ஸ்டைன் 1910-லும் கோட்பாட்டளவில் நிறுவியிருந்தனர். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ராலேயின் கருத்தை ஏற்காத ராமன், 1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய கப்பலில் நிகோல் பட்டகம் ஒன்றால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்து, நீலம் அப்போதும் மறையாததைக் கண்டார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் அந்தக் கோட்பாட்டின் துணைகொண்டு விளக்கியதன் தொடர்ச்சியாகவே, நோபல் பரிசைப் பெற்றுத்தந்த 1928 பிப்ரவரி 28-இன் கண்டுபிடிப்பு வந்தது.

ராமன் ஒளியின் வழியே அறிந்த அந்த அலைச்சலை எண்களால் கணக்கிட்டவர், 1927-இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லூவேனிலும் பயின்று, 1960-இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் சேர்ந்த அவர், 1964-இல் 864 ஆர்கான் அணுக்களைக் கணினிக்குள் ஒரு கற்பனைப் பெட்டியில் இட்டார். ஒவ்வோர் அணுவின் மீதும் அண்டை அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நொடியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு அனைத்தையும் நியூட்டனின் விதிப்படி நகர்த்தி, மீண்டும் விசையைக் கணக்கிடும் இம்முறைக்கு மூலக்கூறு இயக்கவியல் என்று பெயர். ஆல்டரும் வெயின்ரைட்டும் 1957-இலேயே கடினக் கோளங்களைக் கொண்டு இதைச் செய்திருந்தபோதிலும், தொலைவில் ஈர்த்தும் நெருங்கினால் விலக்கியும் நடந்துகொள்ளும் மெய்யான திரவத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது ரஹ்மானின் கட்டுரைதான்.

அவர் கண்டவற்றுள் மிக அழகியது ஒன்றுண்டு. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் நெரிசலில் முன்னே உந்தப்பட்டவர் மறுகணமே பின்னுக்குத் தள்ளப்படுவதைப் போல, திரவத்துக்குள் ஓர் அணு சிறிது நகர்ந்ததுமே தன்னைச் சூழ்ந்த அணுக்களில் மோதித் திரும்புகிறது என்பது அதன் திசைவேகக் கணக்கில் வெளிப்பட்டது. அணுக்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்று அவர் கணக்கிட்ட மதிப்பும் சோதனை அளவீட்டுடன் ஒத்துவந்தது. ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 1971-இல் 216 மூலக்கூறுகளைக் கொண்டு நீரையே அவர் கணக்கிட்டார்.

ஆயினும் எண்ணற்ற மூலக்கூறுகள் கொண்ட காவிரியின் ஓட்டத்தை இம்முறையால் கணக்கிட முடியாது. ஆற்றுக்கு, திரவ ஓட்டத்தை விவரிக்கும் நாவியே-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் வேண்டும். மூலக்கூறுக்கும் ஆற்றுக்கும் இடையிலான பாலமாக 1980-களின் இறுதியில் உருவானதே லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறை. தனி மூலக்கூறுகளை விட்டுவிட்டு, கட்டங்களாகப் பிரித்த வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் எத்திசையில் எவ்வளவு துகள்கள் செல்கின்றன என்ற பரவலை மட்டும் நகர்த்தி, மோதவிட்டு, ஓட்டத்தைப் பெறுவது அதன் உத்தி.

ரஹ்மான் 1987-இல் காலமானார். அமெரிக்க இயற்பியல் கழகம் கணினி இயற்பியலுக்கான பரிசை அவர் பெயரால் வழங்கிவருகிறது. நம் நாட்டிலோ அவர் பெயர் பள்ளி மாணவர்களை இன்னும் எட்டவில்லை. அன்று பெருங்கணினி தேவைப்பட்ட அந்த 864 அணுக்களின் கணக்கை இன்று சாதாரண மடிக்கணினியே செய்துவிடும் என்பதால், திருச்சியின் கல்லூரிகள் அதை இளநிலை இயற்பியல் செய்முறைப் பயிற்சியில் சேர்த்து, மாணவர்களே நிரல் எழுதி இயக்கிப் பார்க்க வழிசெய்ய வேண்டும்.