சென்ட் ஒருவரின் குணத்தைச் சொல்லுமா?

ஆண்களுக்கான சென்ட் விளம்பரங்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவர் சென்ட்டைப் பூசிக்கொண்டதும் மலை உச்சியில் ஏறி நிற்கிறார். மற்றொருவர் கொந்தளிக்கும் கடலில் படகு செலுத்துகிறார். ஒரு புட்டியில் துணிச்சல், மற்றொன்றில் கம்பீரம், வேறொன்றில் மர்மம். விலையும் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை போகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன், வீட்டிலிருந்து வரும் பணத்தில் மிச்சம் பிடித்து இதை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வாங்குவது மணத்தையா, குணத்தையா? இக்கேள்வியை விஞ்ஞான முறையில் ஆராய்வோம்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

பல நறுமணப் பொருள்களை எத்தில் ஆல்கஹாலில் கரைத்துச் செய்த கரைசலே சென்ட். கொலோன் போன்ற மென்மையான வகைகளில் நறுமணப் பொருள் சுமார் 2 முதல் 4 சதவீதமே இருக்கும். செறிவு மிகுந்த வகைகளில் இது 20 சதவீதத்தையும் தாண்டும்.

ஒரு பொருளின் மணத்தை நாம் உணர வேண்டுமானால், அதன் மூலக்கூறுகள் ஆவியாகி நம் மூக்கை வந்தடைய வேண்டும். இதற்கு அப்பொருள் கொதிக்க வேண்டியதில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி தண்ணீர் கொதிக்காமலே காய்ந்து விடுகிறது அல்லவா? ஆனால் எளிதில் கொதிக்கும் பொருள் பொதுவாக விரைவில் ஆவியாகும். ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ். எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீனுக்கு 176. லாவண்டர் பூவிலுள்ள லினலூலுக்கு 198. காய்ந்த புல்லின் மணமுடைய கூமரினுக்கு 301.

இங்கே ஒரு விந்தையைக் காணுங்கள். லிமோனீனின் மூலக்கூறு எடை 136; கூமரினின் எடை 146. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் கூமரின் மூலக்கூறுகள் மின்முனைவு உள்ளவை. ஒன்றையொன்று வலுவாக ஈர்த்துக்கொள்கின்றன. எனவே அவை எளிதில் பிரிந்து பறப்பதில்லை.

ஆகவே சென்ட் பூசியதும் முதலில் ஆல்கஹால் பறந்து விடும். அடுத்து எலுமிச்சை, பிறகு லாவண்டர், மாலையில் கூமரினும் கஸ்தூரி வகை மணங்களும் என்று ஒவ்வொன்றாக விடைபெறும். மணமே குணத்தைக் காட்டுமானால், அந்த மனிதரின் குணம் ஒரே நாளில் மூன்று முறை மாறிவிட்டதா என்று நாம் கேட்கலாம்!

ஆண் மணம் பிறந்த கதை

பாரிஸ் நகரத்து ஊபிகான் நிறுவனம் 1882-இல் ஃபூஜேர் ராயல் என்ற சென்ட்டை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் பால் பார்க்கே. ஆங்கிலேய வேதியியலார் வில்லியம் பெர்க்கின் 1868-இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய கூமரின் இதில் இடம் பெற்றது. ஃபூஜேர் என்றால் பிரெஞ்சு மொழியில் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணம் எதுவும் கிடையாது. பெயரே ஒரு கற்பனை. லாவண்டர், ஓக் மரப் பாசி, கூமரின் ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த மணக்கலவை பின்னர் சவர சோப்பு, சவர லோஷன் வழியாக 'ஆண் மணம்' ஆகிவிட்டது.

அமெரிக்காவின் ஓல்ட் ஸ்பைஸ் கதை இன்னும் சுவையானது. அப்பெயரில் 1937-இல் முதலில் வந்தவை பெண்களுக்கான பொருள்கள். ஆண்களுக்கானவை 1938-இல்தான் வந்தன. மசாலைப் பொருள்களின் மணம் அங்கே ஆண்மையின் அடையாளமாயிற்று. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாலும் கிராம்பு மணக்கிறது. அதை ஆண்களின் மணம் என்று நாம் சொல்வதுண்டா? மேலை நாடுகளில் பெண்களுக்குரியதாகக் கருதப்படும் ரோஜா மணத்தை, நம் நாட்டிலும் அரபு நாடுகளிலும் ஆண்கள் அத்தராகப் பூசிக்கொள்கிறார்கள். மூலக்கூறுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. அதைத் தருவது பழக்கமே.

மூக்குக்கு மூக்கு வேறுபாடு

மணத்தை உணரும் ஏற்பிகளுக்குரிய ஜீன்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகியோர் 1991-இல் கண்டறிந்தனர். இதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதனிடம் சுமார் 400 வகை ஏற்பிகள் உள்ளன. ஆனால் அவை எல்லோரிடமும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஆண்களின் வியர்வையில் காணப்படும் ஆண்ட்ரோஸ்டினோன் சிலருக்குச் சிறுநீர் நாற்றமாகவும், சிலருக்கு இனிய மணமாகவும் படுகிறது. சிலருக்கு மணமே தெரிவதில்லை. ஒரே ஓர் ஏற்பியின் ஜீனில் உள்ள மாறுதல் இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் என்று 2007-இல் ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே நீங்கள் 'கம்பீரம்' என்று பூசிக்கொள்வது அடுத்தவர் மூக்கில் என்னவாகப் படும் என்று யாரால் உறுதி கூற முடியும்?

பயனே இல்லையா?

உண்டு, ஆனால் அது வேறு வழியில் வருகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. ஆண்களில் ஒரு பிரிவினருக்கு மணமும் கிருமிநாசினியும் கலந்த ஸ்பிரேயும், மறு பிரிவினருக்கு அவை இரண்டும் இல்லாத ஸ்பிரேயும் தரப்பட்டன. எது எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பின்னர் அவர்களது புகைப்படங்களைப் பெண்களிடம் காட்டியபோது, கவர்ச்சியில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒலியில்லாத வீடியோவைக் காட்டியபோதோ, மண ஸ்பிரே பூசியவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றனர்!

வீடியோவில் மணம் வீசாது. அப்படியானால் பார்த்தவர்களைக் கவர்ந்தது எது? பூசியவர்களின் தன்னம்பிக்கை உயர்ந்து, அது அவர்களது அசைவிலும் பாவனையிலும் வெளிப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். மணம் வேலை செய்தது பிறர் மூக்கில் அன்று, பூசியவர் மனத்தில். ஆனால் இது சிறு ஆய்வு என்பதையும், வியர்வை நாற்றம் குறைந்ததும் ஒரு காரணமாகலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

வெள்ளைத் தாளை மூன்று பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் எலுமிச்சைத் தோலைப் பிழியுங்கள். மற்ற இரண்டில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்புத் தைலம், சந்தனத் தைலம் இவற்றில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், மறுநாள் காலை என்று முகர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எது முதலில் மறைகிறது?

அடுத்து, ஏதேனும் ஒரு சென்ட்டைப் பெயர் சொல்லாமல் ஐந்து நண்பர்களிடம் முகரக் கொடுங்கள். பூசுபவரின் குணம் என்ன என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதட்டும். எத்தனை விடைகள் ஒத்திருக்கின்றன என்று பாருங்கள். சென்ட்டில் உள்ள ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் இதைச் செய்ய வேண்டாம்.

நல்ல மணத்தைப் பூசிக்கொள்வதில் தவறில்லை. உங்களுக்குப் பிடித்தது எதுவோ, அதைக் கைக்கு அடங்கும் விலையில் வாங்குங்கள். அந்தப் புட்டியில் ஆல்கஹாலும் கூமரினும் லிமோனீனும் இருக்கும். துணிச்சலைக் கரைத்து வைக்கும் கரைப்பான் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.