போஸ்டரில் முகமூடி ஏன்? பாரிஸ் டூ சேலம்... ஒரு சுவாரஸ்ய பின்னணி!

முகத்தைக் காட்டினால்தானே விளம்பரம்? ஆனா, முகத்தை மறைச்சே கூட்டம் சேர்த்த போஸ்டர்களும் உண்டு. அந்த ரகசியம் என்ன? பார்க்கலாம் வாங்க.

எங்கே தொடங்கியது?

1890-களில் பாரிஸ் ஓபரா அரங்கில் நடந்த முகமூடி நடன விருந்துகளுக்கு ஜூல் ஷெரே என்ற ஓவியர் வண்ண போஸ்டர்கள் வரைந்தார். அடுத்து வந்த ஓவியர்களுக்கும் அவரே முன்னோடி. கண்களை மட்டும் மறைக்கும் கறுப்பு முகமூடிக்குப் பிரெஞ்சில் 'ஓநாய்' என்றே பெயர்!

முகமூடி ஏன்?

அன்று கல்லச்சு முறை. பொதுவாக ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். கறுப்பு முகமூடியோ தூரத்திலிருந்தே பளிச்சுனு தெரியும். 'யார் அது?' என்ற கேள்வி, நடந்து போறவரையும் நிறுத்திவிடும்.

சேலத்துக்கு என்ன தொடர்பு?

1935-ல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இரும்பு முகமூடி மனிதனைப் பற்றிய பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் கதையைத் தழுவி, 1940-ல் அங்கே உருவான படம் 'உத்தம புத்திரன்'. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் கலக்கினார். 1950-ல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என்.நம்பியார் மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டார். 'யார் அது?' என்ற அதே கேள்விதான் இங்கேயும் டிக்கெட் விற்றது.

இப்போது என்ன மிச்சம்?

பாரிஸில் 1895 முதல் 1900 வரை, 256 போஸ்டர்களைச் சிறிய அளவில் மறுபதிப்பு செய்து சந்தாதாரர்களுக்கு விற்றார்கள். அதனால் சுவரில் கிழிந்தவையும் காகிதத்தில் பிழைத்தன. நம்ம ஊரில் ஒரு படத்தின் போஸ்டர் மேலேயே அடுத்த படத்தின் போஸ்டரை ஒட்டினோம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸின் அடையாளமாக, ஏற்காடு சாலையில் அந்த நுழைவு வளைவு நிற்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களின் அட்டையிலும் படத்தின் விளம்பரப் படங்கள் இருக்கும். சேலம், நாமக்கல் பக்கம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒண்ணு கிடைச்சா, பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க. முதலில் செல்போனில் ஒரு தெளிவான போட்டோ எடுங்க. வெயில் படாத இடத்தில், மடிக்காமல் வையுங்க. அந்தப் படத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே முகம் அதுவாகக்கூட இருக்கலாம்.