காயத்துக்கு மட்டுமா வைத்தியம்?

மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் ஸ்திரீகள் நம் தேசத்தில் எத்தனை பேர்! பக்கத்தில் புருஷனோ மாமியாரோ காவல் நிற்கிறார். வைத்தியர் தையல் போட்டு, சீட்டில் 'தவறி விழுந்தது' என்றெழுதிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். கழுத்தில் பதிந்த விரல்தடம் படியில் விழுந்து வராது என்றறிய வைத்திய சாஸ்திரம் வேண்டுவதில்லை. பின்னொரு நாள் அவள் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், அந்தச் சீட்டை எடுத்து நீட்டுபவர் எதிர்க்கட்சி வக்கீலே!

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 29 பேர் கணவனால் ஹிம்சைக்குள்ளானவர்கள். நமது தமிழ்நாட்டிலோ 38 பேர். ஹிம்சைப்பட்டோரில் பிறரிடம் உதவி நாடியவர்கள் தேசமெங்கும் நூற்றுக்குச் சுமார் 14 பேரே. போலீஸுக்குப் போகத் துணியாதவளும் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்தே தீரவேண்டும். அந்த ஒரு சந்தர்ப்பத்தையும் நழுவவிடலாமா?

"குடும்ப விவகாரம், நமக்கேன்?" என்று சில வைத்தியர்கள் சமாதானம் சொல்லக்கூடும். சட்டம் அதை ஏற்கவில்லை. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, உதவி கோரி வருபவளுக்குச் சிகிச்சையளிப்பதை ஆஸ்பத்திரியின் கடமையாக்கியிருக்கிறது. 2006-இல் வகுத்த விதிகள் இன்னும் தெளிவானவை. சம்பவ அறிக்கை இல்லையென்று சிகிச்சையை மறுக்கலாகாது. அறிக்கை இல்லாவிடில் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரே முதலாவது படிவத்தைப் பூர்த்தி செய்து பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பவேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். இவ்விதிகளைப் படித்த வைத்தியர் எத்தனை பேர் என்று கேட்கவே கூச்சமாயிருக்கிறது.

இது நடக்கக்கூடிய காரியந்தானா என்பவர்கள் மும்பையைப் பார்க்கட்டும். சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் அந்நகரசபை 'சேஹத்' என்ற ஸ்தாபனத்துடன் சேர்ந்து, பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரிக்குள்ளேயே 'திலாஸா' என்னும் ஆலோசனை நிலையத்தைத் திறந்தது. அடிபட்டவள் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி வந்தாலே போதும்.

செய்யவேண்டியது என்ன? கூடவந்தவரை வெளியே நிறுத்தித் தனிமையில் கேட்பது. "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வியை விழுங்கிவிடுவது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுவது. இன்றிரவு வீடு திரும்புவது க்ஷேமமா என்று விசாரிப்பது. அவள் மனமறியாமல் எதிலும் தள்ளிவிடாதிருப்பது. கேட்பதற்கு இடமும் பயிற்சியும் இல்லாமல் வருவோர் எல்லோரையும் வரிசையாக விசாரிப்பதால் பயனில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2013-இல் வெளியிட்ட யோசனையும் இதுவே.

தமிழ்நாடு சர்க்காரை நாம் கேட்பது அதிகமில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றிலும் திரை போட்ட ஓர் அறை, மேஜையில் அந்தப் படிவம், சுவரில் ஜில்லாப் பாதுகாப்பு அதிகாரியின் டெலிபோன் நம்பர். இரவில் ஒரு நர்ஸம்மாளுக்காவது இதில் பயிற்சி இருக்கட்டும். அடிபட்டவர்களில் பலர் வருவது அந்நேரத்தில்தான்.