அன்றைய இண்டர்நெட்தான் நல்லதா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்களா? அப்படியானால் அனுபவமுள்ள நண்பர் யாராவது உங்களிடம் இப்படிச் சொல்லியிருப்பார்: "அந்தக் காலத்து இண்டர்நெட் போல வராது. அப்போது எல்லாம் திறந்து கிடந்தது. இப்போது எங்கே போனாலும் பதிவு செய், பாஸ்வேர்ட் கொடு என்கிறான்." இது எந்த அளவிற்கு உண்மை? தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒரு நூலை வைத்துப் பார்ப்போம்.

முக்கூடற் பள்ளு. நெல்லைக்கு அருகே, தாமிரபரணியுடன் சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியே இந்நூல் பாடும் முக்கூடல். (முக்கூடல் என்ற பெயரில் இன்று உள்ள ஊர் வேறு.) உழவர் வாழ்க்கை, நெல் வகைகள், மாடுகள், ஆற்று வெள்ளம் என அனைத்தும் இதில் உண்டு. அன்றைய இண்டர்நெட்டில் இது கிடைத்திருக்குமா?

திறந்த கதவு, தெரியாத எழுத்து

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கினார். இதனை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் தளம் அமைக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. நண்பர் சொல்லும் "திறந்த காலம்" இதுதான்.

ஆனால் அந்தக் கதவு நமக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தபோது டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில்தான் தொடங்கியது. திருநெல்வேலி அந்தப் பட்டியலில் இல்லை. இணைப்பு கிடைத்த பின்னரும் எழுத்துரு பிரச்னை இருந்தது. தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தின. அந்தத் தளத்திற்கான எழுத்துருவை டவுண்லோட் செய்து பதிந்தால்தான் படிக்க முடியும். இல்லையேல் திரையில் புரியாத குறியீடுகளே தெரியும். ஒரு குறியீட்டு முறையில் உள்ள சொல்லைக் கொடுத்துத் தேடினால், வேறு முறையில் உள்ள பக்கம் கிடைக்காது.

1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு அறிவித்தது. டிஸ்கி என்ற இன்னொரு முறையும் புழக்கத்தில் இருந்தது. யூனிகோட் முறையில் 1991லேயே தமிழ் இடம் பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000 தொகுப்பில்தான் விண்டோஸ் அதற்கு வழி செய்தது. 2010ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று முக்கூடற் பள்ளு எனத் தமிழில் டைப் செய்து தேடினால் நூலே கிடைக்கிறது. இந்த வகையில் இண்டர்நெட் தேய்ந்துவிடவில்லை, வளர்ந்திருக்கிறது.

மறைந்ததும் நிலைத்ததும்

நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இன்று பெரும்பாலானோர் எழுதுவதும் படம் போடுவதும் சில பெரிய நிறுவனங்களின் தளங்களுக்குள்தான். உறுப்பினர் அல்லாதவர் அவற்றில் பலவற்றைப் பார்க்க முடியாது. தேடு பொறிகளுக்கும் அவை சிக்குவதில்லை. நிறுவனம் மூடினால் அனைத்தும் போய்விடும். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டதே, அப்படி.

ஆனால் இது புதிய நோய் அல்ல. 1994ல் தொடங்கி இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ், அந்தத் திறந்த காலத்தின் செல்லப் பிள்ளை. 2009 அக்டோபரில் அதனை யாஹூ மூடியது. தன்னார்வலர்கள் அவசரமாகப் பிரதி எடுத்தது போக மீதம் அழிந்தது.

அதே காலத்தில், 1998 பொங்கல் அன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி நூல்களை டைப் செய்து, பிழை திருத்தித் தந்தார்கள். முக்கூடற் பள்ளும் குற்றாலக் குறவஞ்சியும் அதில் உண்டு. டிஸ்கியில் இருந்த நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாறின. யாரும் டவுண்லோட் செய்து வைத்துக் கொள்ளலாம் என்பதால் ஒரு சர்வர் நின்றாலும் நூல் அழியாது.

எனவே பழையதா, புதியதா என்பது கேள்வி அல்ல. பிரதி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

திறந்த நிலையும் தானாக நிலைப்பதில்லை. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃப்ரீ பேஸிக்ஸ் போன்ற திட்டங்களுக்கு டிராய் அமைப்பு 2016 பிப்ரவரி 8 அன்று தடை விதித்தது. அதற்கு முன் லட்சக்கணக்கானோர் டிராய்க்கு மெயில் அனுப்பித் தங்கள் கருத்தைத் தெரிவித்திருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. தமிழில் எதை எழுதினாலும் யூனிகோடிலேயே எழுதுங்கள்.

2. குடும்பப் படங்களையும் நீங்கள் எழுதியவற்றையும் தளங்களில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொன்று வெளியே தனி டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

3. எந்தத் தளத்தில் சேரும்போதும், உங்கள் பைல்களைத் திரும்ப எடுத்துக் கொள்ள வசதி உள்ளதா எனப் பார்த்திடுங்கள்.

4. மறைந்த பக்கம் ஒன்று வேண்டுமா? அதன் முகவரியை இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துப் பாருங்கள். பல பழைய பக்கங்கள் அங்கே கிடைக்கும்.