உலாவியில் ஓடும் பழைய ஆட்டம்



கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. தில்லியில் நாம் வசிக்கும் அரசுக் குடியிருப்பில், அண்டை வீட்டுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி தன் தந்தையின் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தாள். பிரௌசர் எனப்படும் இணைய உலாவி அதில் திறந்திருந்தது. அதனுள்ளே நீல வானம், செங்கற்பாளங்கள், தொப்பி அணிந்து தாவியோடும் குள்ள மனிதன். மாரியோவை நாம் உடனே அறிந்துகொண்டோம். ஆர்வத்துடன் விசைகளில் விரல் வைத்தோம். முதற் பள்ளத்திலேயே விழுந்தோம். சிறுமி சிரித்தாள். பிறகு, “மாமா, நீங்க சின்ன வயசுல ஆடின அதே கேமா இது?” என்று கேட்டாள்.

‘அதேதான்’ என்று சொல்ல வாயெடுத்தோம். ஆனால் சொல்ல இயலவில்லை. பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருக்கும் நமக்கு, ‘இது அதுவேதானா?’ என்னும் வினா புதிதன்று. மாரியோவின் பொருட்டு அதனைக் கேட்கும்போது கிடைக்கும் விடை யாது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ‘அது’ எது என்று தெளிதல் வேண்டும். மேடைக்கு மேடை தாவி, பள்ளம் கடந்து, பகைவரை வென்று முன்னேறும் இவ்வகை ஆட்டங்களுக்கு ‘ஆக்‌ஷன் பிளாட்ஃபார்ம்’ என்று பெயர். 1981 ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டாங்கி காங்’ இவ்வகைக்கு ஒரு முன்னோடி. அந்நிறுவனமே 1983 ஜூலையில், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் ‘ஃபாமிகாம்’ என்ற பெட்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அஃது 1985 இல் ‘என்.இ.எஸ்.’ என்ற பெயருடன் அமெரிக்காவை அடைந்தது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வெளிவந்ததும் அதே ஆண்டிலேயாம்.

நம் நாட்டில் 1990களில் பெரும்பாலான வீடுகளை எட்டியது அந்த அசற்பெட்டி அன்று. அதனைப் பார்த்துச் செய்த நகல்களே எட்டின. தில்லியின் பாலிகா பஜார் போன்ற அங்காடிகளில் அவை குவிந்து கிடந்தன. ‘டி.வி. கேம்’ என்றோம், அதில் செருகும் ஆட்டப் பேழையைக் ‘கேசட்’ என்றோம். ஆகவே, நாம் ‘அசல்’ என்று நினைவில் போற்றுவதும் ஒரு நகலே என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பெட்டியின் உள்ளே இருந்த செல்வம் மிகச் சிறிது. அதன் மைய சிப் விநாடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளுடன் இயங்கியது. அது பணிபுரியப் பயன்படுத்திய நினைவகம் 2,048 பைட்டுகளே. மாரியோ ஆட்டம் முழுவதும், படங்களும் இசையும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதைப்போல் பன்மடங்கு இடங்கொள்ளும். இச்சிக்கனத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். அந்த ஆட்டத்தில் வானத்து மேகமும் தரையிற் காணும் புதரும் ஒரே உருவம். வெண்மை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். பல்லாண்டு ஆடியவரும் இதனைக் கண்டறியாதது வியப்பன்று.

இனி, அந்தப் பெட்டியே இல்லாத மடிக்கணினியில் இந்த ஆட்டம் எவ்வாறு ஓடுகிறது? கேசட்டில் இருப்பவை அப்பழைய சிப்புக்கு மட்டுமே விளங்கும் கட்டளைகள். இன்றைய கணினியின் சிப்புக்கு அவை வேற்றுமொழி. இரண்டிற்கும் இடையே ஒரு துபாஷி தேவை. அந்தத் துபாஷியாகப் பணியாற்றும் நிரலுக்கு ‘எமுலேட்டர்’ என்று பெயர். ஒன்றைப் போலவே செய்து காட்டுவது என்பது பொருள்.

பழைய சிப்பின் மொழியில் 56 வகைக் கட்டளைகளே உண்டு. ‘இவ்வெண்ணை எடு’, ‘இதனுடன் கூட்டு’, ‘இங்கே சேமி’, ‘நிகரானால் அங்கே செல்’ என்பன போன்றவை அவை. 56 சொற்கள் கொண்ட அகராதியை மனப்பாடம் செய்வது எளிது என்று தோன்றும். கடினம் சொல்லில் இல்லை, காலத்தில் இருக்கிறது. திரையில் விநாடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டும். ஒரு படம் தோன்றும் நேரத்தில் சிப் ஏறத்தாழ 30,000 முறை துடிக்கும். அதே வேளையில் படம் வரையும் துணைச் சிப் திரையை வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கும். எந்தத் துடிப்பில் எந்த வரி எழுதப்பட்டது என்ற கணக்கையும் துபாஷி பிழையின்றி வைத்திருத்தல் வேண்டும்.

உலாவியில் இது நிகழ்வதற்கு மற்றுமொரு படியும் உண்டு. எமுலேட்டர் நிரலையே உலாவிக்கு விளங்கும் வடிவில் அமைத்தல் வேண்டும். முன்னர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் அவ்வாறு செய்தனர். 2017 இல் ‘வெப்அசெம்பிளி’ என்ற விரைந்த வடிவத்தைப் பெரிய உலாவிகள் யாவும் ஏற்றுக்கொண்ட பிறகு, இப்பணி மேலும் எளிதாயிற்று. ஆகவே நாம் காண்பது மொழிபெயர்ப்பின் மேல் நிகழும் மொழிபெயர்ப்பு எனலாம்.

நல்ல மொழிபெயர்ப்பாளன் மூலத்தின் பிழையைத் திருத்தலாமா? நம் தொழிலில் முடிவுறாத வாதம் இது. எமுலேட்டர் எழுதுவோரும் இதே வாதத்தில் சிக்கியிருக்கின்றனர். பழைய பெட்டி, திரையின் ஒரு வரியில் எட்டுக்கு மேற்பட்ட அசையும் சிற்றுருவங்களை வரைய இயலாதது. கூட்டம் மிகுந்தால் சில உருவங்கள் மறையும். அல்லது மாறி மாறி மினுக்கும். இன்றைய கணினிக்கு அத்தகைய வரம்பு இல்லை. ஆதலின் பல எமுலேட்டர்கள் அவ்வரம்பை நீக்கிக்கொள்ளும் வசதியை அளிக்கின்றன. மினுக்கல் ஒழிகிறது, திருத்தம் நன்றே என்று தோன்றும். ஆனால் கோனாமி நிறுவனத்தார் 1987 இல் வெளியிட்ட இரண்டாம் ‘காசில்வேனியா’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வீரன் சதுப்பு நிலத்தில் கால் புதைந்து நடக்கவேண்டும். அவன் கால்களை மறைப்பதற்காக, கண்ணுக்குப் புலப்படாத வெற்று உருவங்களை அந்த வரிகளில் வேண்டுமென்றே நிரப்பி வைத்தனர். எட்டு என்னும் வரம்பு நிரம்பியதும், கால்கள் தாமே மறைந்தன. வரம்பை நீக்கிவிட்டால் வீரன் சேற்றின் மேல் முழு உருவத்துடன் நிற்பான். பெட்டியின் குறையையே கலைஞன் கருவியாக்கிக்கொண்ட இடம் அது. குறையைத் திருத்தப் புகுந்தவன் கருத்தை அழித்துவிட்டான்! ஆகவேதான், கவனமுள்ள எமுலேட்டர்கள் மூலத்தின் குறைகளையும் அப்படியே போற்றிக் காக்கின்றன.

இவ்வளவு கவனம் இருந்தும் நாம் ஏன் முதற் பள்ளத்தில் விழுந்தோம்? முதுமையின் மேல் பழி போடுவது எளிது; எனினும் வேறொரு காரணமும் உண்டு. மாரியோவின் தாவல், பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அதற்கேற்ப உயரும். ஒரு படத்திற்குரிய நேரம் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அந்நுட்பத்தில் கட்டைவிரல் பழகியிருந்தது. பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சி, பெட்டி அனுப்பிய குறிப்பை அக்கணமே ஒளியாக்கியது. இன்றோ விசைப்பலகை, கணினி, உலாவி, தட்டைத்திரை ஆகிய ஒவ்வொன்றும் சிறிது காலத்தை விழுங்கிவிடுகின்றன. யாவும் கூடி மூன்று நான்கு படங்களின் அளவு தாமதித்தாலே, பள்ளத்தின் விளிம்பில் அழுத்திய தாவல், பள்ளத்திற்குள் விழுந்த பின்னரே வந்து சேரும். ஆட்டத்தின் சொல் ஒன்றும் மாறவில்லை. அதன் தாளம் சற்றே பிந்திற்று. கவிதையை மொழிபெயர்த்தவர்க்கு இந்த வேதனை நன்கு விளங்கும்.

இத்தாமதத்தைக் குறைக்க வழிகள் உள. கணினியில் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் ஆட்டப்பிடியைப் பயன்படுத்தலாம். உலாவியில் திறந்துள்ள பிற பக்கங்களை மூடலாம். தொலைக்காட்சியில் ஆடுவதாயின், கம்பியில்லா முறையில் படத்தை அனுப்பாமல் கம்பியால் இணைத்து, ‘கேம் மோடு’ இருப்பின் அதனைத் தேர்ந்துகொள்ளலாம். முதலில் ஒலி கேளாவிடில் அஞ்சவேண்டா. பக்கத்தில் ஒருமுறை சொடுக்கும் வரை உலாவிகள் பெரும்பாலும் ஒலியை அனுமதிப்பதில்லை. இடையில் சேமித்த ஆட்டம் பெரும்பாலும் அவ்வுலாவியிலேயே தங்கும். உலாவியின் தரவுகளைத் துடைத்தால் அதுவும் போகும்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. 1980களின் ஆட்டங்களுக்கு உரிமைக்காலம் இன்னும் கழியவில்லை. எமுலேட்டர் என்னும் துபாஷி குற்றமற்றவன். ஆனால் உரிமையாளர் இசைவின்றி ஆட்டத்தைப் படியெடுத்துப் பரப்பும் பக்கங்கள் பல உள. எதையேனும் பதிவிறக்கி நிறுவுமாறு வற்புறுத்தும் பக்கத்தைக் குழந்தைகள் தொடாதிருக்கச் செய்வது பெற்றோர் கடமை. நேர்வழியில் ஆட விரும்புவோர்க்கும் குறைவில்லை. பழைய பெட்டிக்கென்றே இன்றும் புதிய ஆட்டம் எழுதுவோர் இருக்கின்றனர். 2019 இல் வெளிவந்த ‘மைக்ரோ மேஜஸ்’ மாரியோவைப் போலவே 40 கிலோபைட்டுக்குள் அமைந்தது. தம் ஆட்டத்தை உலாவியில் இலவசமாக ஆட விடுவோரும் உண்டு.

எனினும், சட்டத்தைச் சொல்லி மட்டும் இப்பொருளை முடித்துவிட இயலாது. அமெரிக்காவின் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபௌண்டேஷன்’ 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. மாரியோவைக் காப்பதற்கு அவனுடைய நிறுவனம் இருக்கிறது. நிறுவனமே மறைந்துபோன ஆட்டங்களை யார் காப்பார்? பெட்டிகள் துருவேறுகின்றன, கேசட்டுகள் பழுதாகின்றன. சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் நூலகம் 2013 முதல் பழைய ஆட்டப்பெட்டிகளின் ஆட்டங்களை உலாவியிலேயே ஆடக் கொடுத்துவருவது இக்கவலையாலேயாம்.

ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நம்போன்றோர்க்கு இந்தக் கவலை எளிதில் விளங்கும். ஒவ்வொரு மாற்றலிலும் எதையேனும் விட்டு வந்திருக்கிறோம். நம் பழைய டி.வி. கேமும் அவ்வாறு ஒரு வீடு மாறியபோது தொலைந்ததுதான்.

அச்சிறுமிக்கு மறுநாள் விடை சொன்னோம்: “எழுதியது எல்லாம் அதேதான் அம்மா, ஆடும்போது கொஞ்சம் வேறு.” அவள் அதனைக் கேட்டுக்கொண்டாளா என்பது ஐயமே. ஒரு கம்பி ஆட்டப்பிடியை வாங்கி இணைத்து, அவளுடன் மீண்டும் ஆட அமர்ந்தோம். இம்முறை முதற் பள்ளத்தைக் கடந்துவிட்டோம், இரண்டாவதில் விழுந்தோம். அதற்குத் தாமதம் காரணமன்று.