நம்ம சர்வர்... நம்ம சத்திரம்!

நாளைக்குக் காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ. டீம்ல நாலு பேரும் லீவுக்கு நாலு ஊர்ல. ஸ்க்ரீனை ஷேர் பண்ணி அந்தக் கடைசி எரரைப் பிடிக்கிற நேரமாப் பார்த்து மீட்டிங் 'கட்'! ஜூம்ல இலவச க்ரூப் மீட்டிங்குக்கு 40 நிமிஷம்தான் கெடு. மீட்டிங் ஹாலே நம்மளோடதா இருந்தா யாரு பாஸ் துரத்தப் போறாங்க?

அதுக்கு ஒரு வழி, ஜிட்சி. 2003-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் இது (ஆமாம், காலேஜ் ப்ராஜெக்ட்தான்!). பல்கேரிய மொழியில் 'ஜிட்சி'ன்னா கம்பிகள். 2018-ல் 8x8 கம்பெனி கைக்குப் போனாலும், சோர்ஸ் கோடு இன்னிக்கும் எல்லாருக்கும் ஃப்ரீ. ஆனா, அவங்க நடத்தற பொது சைட்ல 2023 ஆகஸ்ட்ல இருந்து ரூம் திறக்கணும்னா கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப்னு ஏதாவது ஒரு அக்கவுன்ட் வேணும். சொந்தமா நிறுவிட்டா அந்தக் கேள்வியே இல்லை.

நம்ம நாட்டிலும் செஞ்சிருக்காங்க. எஃப்.எஸ்.சி.ஐ. என்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு சொந்த ஜிட்சி சர்வர் வெச்சிருக்கு. காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவின் ஞாயிறு அரட்டை நடந்ததும் ஜிட்சியில்தான்.

ஒரத்தநாட்டுக்காரங்களுக்கு இது புரியறது ஈஸி. சரபோஜி மன்னர் கட்டின முத்தம்மாள் சத்திரம் இருக்கே! வர்றவங்க சாப்பிடலாம், தங்கலாம். ஆனா அரிசிச் செலவை யாரோ ஏத்துக்கிட்டாங்கல்ல? சர்வர் கதையும் அதேதான்.

நம்ம சத்திரத்துக்கு அரிசி, அப்லோடு. ஜிட்சி எல்லார் வீடியோவையும் கலக்கி ஒண்ணாக்காது. வர்றதை அப்படியே மத்தவங்களுக்குத் திருப்பி விடும். பத்துப் பேர், ஆளுக்கு 1 எம்.பி.பி.எஸ்.னு வெச்சுக்குங்க. சர்வருக்கு உள்ளே 10, வெளியே 90! சின்னக் கட்டத்துல தெரியற முகங்களுக்குக் குறைஞ்ச தரத்துல அனுப்பி ஓரளவு மிச்சம் பிடிக்கும். அவ்வளவுதான்.

'வீட்ல பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு?'ன்னு கேப்பீங்க. நிறைய வீட்டு இணைப்புகளுக்குத் தனி பப்ளிக் ஐ.பி. கிடையாது. ஒரே கதவு எண்ணைத் தெருவே பங்கு போட்டுக்கற மாதிரி. வெளியூர் ஃப்ரெண்டு நம்ம வாசலைக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் கரண்ட்! 2018 நவம்பர் கஜா புயலில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, எந்த யு.பி.எஸ். தாங்கும்?

அதனால, மும்பையிலோ பெங்களூருவிலோ இருக்கற டேட்டா சென்டர்ல ஒரு குட்டி சர்வரை வாடகைக்கு எடுத்து, செலவை டீமே பங்கு போட்டுக்கறதுதான் என் கட்சி. 4 கோர், 8 ஜி.பி. ராம் இருந்தா தாராளம். மணிக்கணக்குலயும் கிடைக்கும். ஆனா உஷார், பல இடங்கள்ல ஆஃப் பண்ணினா போதாது, டெலீட் பண்ணினாத்தான் மீட்டர் நிக்கும்!

நிறுவறது? உபுண்டு அல்லது டெபியன், ஒரு டொமைன் பேர், ஜிட்சியோட ரெப்போவைச் சேர்த்து 'ஆப்ட் இன்ஸ்டால் ஜிட்சி-மீட்'. டொமைன் பேரைக் கேட்கும், கொடுங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் கேட்கும், சரின்னு சொல்லுங்க. அது இல்லாம பிரவுசர் கேமராவையே திறக்காது.

முக்கியமான சமாசாரம். சாதாரணமா நிறுவினா, அட்ரஸ் தெரிஞ்ச யாரும் ரூம் திறக்கலாம். பாஸ்வேர்டு இருந்தாத்தான் திறக்கும்னு மாத்திடுங்க. இன்னொண்ணு, வீடியோ வழியில பூட்டியேதான் போகும். ஆனா முழு என்க்ரிப்ஷனைத் தனியா ஆன் பண்ணாத வரைக்கும், சர்வருக்குள்ள பூட்டு திறந்துடும். வீட்டுக்குள்ள, ஹாஸ்டல் ரூமுக்குள்ள உக்காந்து பேசறோம்... அந்தப் பெட்டியோட சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சு பேசறது நல்லதுதானே?

டெஸ்ட் பண்ணும்போது மூணு பேரா சேருங்க. ரெண்டே பேர்னா வீடியோ பெரும்பாலும் சர்வரைத் தொடாமலே நேரா போயிடும், எல்லாம் சூப்பரா ஓடற மாதிரி தெரியும். மூணாவது ஆள் நுழைஞ்சதும் படமும் சத்தமும் காணாமப் போச்சா? ஃபயர்வால்ல யு.டி.பி. 10000 போர்ட் மூடியிருக்கான்னு முதல்ல பாருங்க!